போர்ப்பகுதியில் பிரசவம்: எங்கிருந்து தொடங்குவது?

நகரியில் நர்சிங் முடித்து, சித்தூரில் நான்கு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "போர் நடக்கிற இடங்களுக்குப் போகும் மருத்துவக் குழு ஒன்றில் சேரப்போகிறேன். அங்கே ஆஸ்பத்திரிகளே இடிந்து கிடக்கும் என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிரசவம், கருத்தடை, பெண்களுக்கான மற்ற சிகிச்சைகளை எப்படி மேம்படுத்துவது? முதலில் கட்டடமும் டாக்டரும் வந்தால்தானே மற்றதெல்லாம்?"

தங்கையே, கட்டடத்துக்காகக் காத்திருந்தால் அதற்குள் பல பெண்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நீங்கள் போகும் ஊரில் ஏற்கெனவே ஒரு மருத்துவிச்சி இருப்பாள். எல்லாரும் ஓடிய பிறகும் அவள் ஓடியிருக்க மாட்டாள். இல்லையென்றால், ஓடிய கூட்டத்தோடு அவளும் ஓடிவந்து உங்கள் முகாமிலேயே இருப்பாள். முதல் வேலை அவளைக் கண்டுபிடிப்பது. அடுத்தது, அவள் கையில் சரியான மருந்தையும் அதைப் போடும் அதிகாரத்தையும் கொடுப்பது. அதற்கும் அடுத்தது, வலியோடு வருகிற பெண்ணிடம் அடையாளக் கார்டு கேட்காமல் இருப்பது. கட்டடம் பிறகு வரட்டும்.

நான் சூளூர்பேட்டைக்காரி. முன்பு நெல்லூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. காலை ரயிலைப் பிடித்து எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில்தான் மகப்பேறு மருத்துவராக அதிக காலம் வேலை பார்த்தேன். 1990இல் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது வந்த மக்களுக்கான முகாம் அங்கே இருந்தது. இன்றும் இருக்கிறது; 2021 முதல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கிறது. போர்க்களம் எங்கோ கடலுக்கு அப்பால். ஆனாலும் போர் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதை நான் படித்தது அந்த முகாமில்தான்.

முகாமில் ஒரு பெண்மணி இருந்தார். மன்னார்ப் பக்கம் குடும்பநல மாதுவாக வேலை பார்த்தவர். இலங்கையில் அந்த வேலைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறை அது: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மாது, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து, பிள்ளை பிறந்த பிறகும் போய்ப் பார்ப்பார். ஏழை நாடாக இருந்த காலத்திலேயே இலங்கை பிரசவ மரணத்தைக் குறைத்ததற்கு அந்தப் பெண்களின் நடையும் சைக்கிளும் முக்கியக் காரணம். முகாமில் எல்லாரும் அவரை "மிஸி" என்றே கூப்பிட்டார்கள். கால் வீங்கினால் மிஸி. பனிக்குடம் உடைந்தால் மிஸி. ஆனால் நம் சட்டப்படி அவர் ஓர் அகதி, அவ்வளவுதான். பஞ்சுச் சுருளோ கையுறையோகூட அவருக்குக் கொடுக்க எங்கள் பதிவேட்டில் வழியில்லை.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களில் கெடுபிடி கூடியது. அடுத்த வருட ஐப்பசி மழையில், இரவு பதினோரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு முகாமிலேயே பிள்ளை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. வெளியே போக அனுமதி வாங்க ஒரு மணி நேரம். ஆட்டோ கிடைக்க அரை மணி. எங்களிடம் வந்தபோது நாடி நூல்போல ஓடிற்று. எங்களிடம் ரத்தம் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினோம். நானும் கூடவே போனேன். வழி முழுக்க மிஸி அந்தப் பெண்ணின் தொப்புளுக்குச் சற்று மேலே தன் முஷ்டியை ஊன்றி, முதுகெலும்போடு சேர்த்துப் பெருந்தமனியை அழுத்திக்கொண்டே வந்தார். கை மரத்தால் மறு கை. "விடாதையுங்கோ டொக்டர், ஒருக்கா விட்டாப் போயிடும்" என்று எனக்குச் சொன்னார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்டது ரத்த வகையை இல்லை. "முகாம் கார்டு எங்கே? ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சா?" அதில் இன்னும் இருபது நிமிடம் போயிற்று. அந்தப் பெண் பிழைத்தாள். மறுநாள் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். உடன் வந்தவர் என்ற இடத்தில் மிஸியின் பெயர் இருந்தது. பக்கத்தில் "உறவினர்" என்று எழுதியிருந்தார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு ராத்திரிக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

பிரசவச் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால், சராசரியாக 2 மணி நேரத்தில் உயிர் போகும். பிரசவத்துக்கு முன்பே ரத்தப்போக்கு என்றால் 12 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்தால் 1 நாள். பிரசவ ஜன்னி, அதாவது வலிப்பு, என்றால் 2 நாள். பிள்ளை இறங்காமல் சிக்கி நின்றால் 3 நாள். கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டால் 6 நாள். எதை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே முடிவுசெய்கிறது. ஆறு நாள் கெடு உள்ளதற்குத் தொலைவிலிருக்கும் ஆஸ்பத்திரிகூடப் போதும். இரண்டு மணி நேரக் கெடு உள்ளதற்கு மருந்து அந்தக் குடிசைக்குள்ளேயே, அங்கிருக்கும் கையில் இருந்தாக வேண்டும்.

1994இல் தடேயஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்கள் பற்றி எழுதினார்கள்: போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் கவனிப்பதில் தாமதம். சமாதான காலத்தில் இவை மூன்றும் தனித்தனி. போரில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். புருஷன் எங்கே என்று தெரியாது, முடிவெடுக்க ஆளில்லை. ஊரடங்கு, சோதனைச் சாவடி, கண்ணிவெடி புதைத்த பாதை. இத்தனையும் தாண்டிப் போனால், அங்கே நர்ஸ் நேற்றுத்தான் குடும்பத்தோடு கிளம்பிப்போயிருப்பாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மோதல் நடக்கும் நாடுகளில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 504 தாய்மார் இறக்கிறார்கள். மோதலோ நிலைகுலைவோ இல்லாத நாடுகளில் அது 99. நம் பக்கத்தில், 2018-20 கணக்கில் கேரளத்தில் 19, ஆந்திரத்தில் 45, தமிழ்நாட்டில் 54. இந்த இடைவெளியை உண்டாக்குவது பெண்ணின் உடம்பு இல்லை. பாதையும் நேரமும்தான்.

அகதி முகாம் என்றால் அரிசி, தண்ணீர், கூடாரம், அம்மை ஊசி என்பதுதான் நெடுங்காலம் நிவாரணக்காரர்களின் பட்டியல். முகாமிலும் பெண்கள் முழுகாமல் இருப்பார்கள், பிள்ளை பெறுவார்கள், பலாத்காரத்துக்கு ஆளாவார்கள் என்பதை உலகம் ஒரு செயல்திட்டத்தில் எழுத 1994 ஆயிற்று. அந்த வருடம் கெய்ரோவில் 179 நாடுகள் கூடிய மக்கள்தொகை மாநாட்டில்தான் அது நடந்தது. அடுத்த வருடமே பல அமைப்புகள் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. அதன் வழியாக வந்ததுதான் குறைந்தபட்ச ஆரம்பச் சேவைத் தொகுப்பு என்கிற முறை. நீங்கள் சேரும் குழு நிச்சயம் அதைப் பற்றிப் பேசும். போவதற்கு முன் படித்துவிடுங்கள். நெருக்கடி தொடங்கி 48 மணி நேரத்துக்குள், கணக்கெடுப்பு எதற்கும் காத்திராமல் தொடங்க வேண்டியவை அதில் உள்ளன: யார் பொறுப்பு என்பதை முடிவுசெய்வது, பாலியல் வன்முறையைத் தடுப்பது, ஆளானவர்களுக்குச் சிகிச்சை, எச்ஐவியும் பால்வினை நோய்களும் பரவாமல் தடுப்பது, தாய்க்கும் சிசுவுக்கும் அவசரச் சிகிச்சை, வேண்டாத கர்ப்பத்தைத் தடுப்பது, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முழுச் சேவைக்குத் திட்டமிடுவது. கருத்தடை 2018 திருத்தத்தில்தான் தனி இலக்காகச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் மிகவும் தாமதம்.

இதில் ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 10,000 பேர் உள்ள முகாமில் சுமார் 2,500 பேர் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். பிறப்பு விகிதம் நூற்றுக்கு 4 என்று வைத்தால் வருடத்துக்கு 400 பிரசவம், மாதத்துக்கு 33. அதில் நூற்றுக்குப் பதினைந்து சிக்கலாகும்: மாதம் 5 பெண்கள். சிசேரியன் தேவைப்படுவது மாதம் இரண்டிலிருந்து ஐந்து வரை. "எங்கள் முகாமில் கர்ப்பிணிகள் யாரும் இல்லை" என்று பொறுப்பதிகாரி சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் கூடாரத்துக்குள் இருக்கிறார்கள், யாரும் போய்க் கேட்கவில்லை.

வயிறு தெரிகிற ஒவ்வொரு பெண் கையிலும் முதல் வாரமே ஒரு சிறு பொட்டலம் போய்ச் சேர வேண்டும். சோப்பு, விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், பிரிக்காத பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், பிள்ளையைத் துடைத்துச் சுற்றத் துணி. அவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் இதையும், மருத்துவிச்சிக்கான பெட்டியையும், அறுவை சிகிச்சைக்கானதையும் தனித்தனி எண் போட்டு அனுப்புகிறது. சிலர் இந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பிரசவத்தை ஊக்குவிக்கிறீர்களே என்று கேட்பார்கள். ஷெல் விழுகிற ராத்திரியில் ஊக்குவிக்கவும் ஒன்றுமில்லை, தடுக்கவும் ஒன்றுமில்லை. அவள் இருக்கும் இடத்தில் பிள்ளை பிறக்கப்போகிறது. பிளேடு துருப்பிடித்ததா புதியதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அடுத்து மருந்து. நம் ஊரில் கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை யோசிக்காமல் எடுத்துப் போடுகிறோம். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத இடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் இழக்கும். குப்பி பார்க்க அப்படியே இருக்கும், போட்டால் கர்ப்பப்பை இறுகாது. அதனால் மிசோபிரோஸ்டால் மாத்திரையைக் கூடவே வைத்திருங்கள். அதற்குக் குளிர் வேண்டாம், ஊசி வேண்டாம்; பிள்ளை பிறந்தவுடன் வாயில் போடலாம், 600 மைக்ரோகிராம். வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே போட வேண்டும் என்பதைப் பத்து முறை சொல்லிக்கொடுங்கள். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் ஊசியும் வந்திருக்கிறது, கிடைத்தால் நல்லது. ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். ஜன்னிக்கு மெக்னீசியம் சல்பேட். அனுப்புவதற்கு முன்பே முதல் டோஸைப் போட்டுவிட வேண்டும். "பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்வார்கள்" என்று விட்டால் பாதி வழியில் மறுபடி வலிப்பு வரும்.

ரத்தப்போக்கைக் கண்ணால் அளந்தால் எப்போதும் பாதியாகத்தான் தெரியும். முப்பது வருடம் பார்த்த எனக்கே அப்படித்தான். பெண்ணின் அடியில் விரித்து, ரத்தம் சேரும் பையில் அளவுக்கோடு போட்டிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று இருக்கிறது. அதை வைத்து உடனே கண்டுபிடித்து, வயிற்றின்மேல் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, மருந்து, நரம்பு வழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால், கடுமையான ரத்தப்போக்கு பாதிக்கும் மேல் குறைகிறது என்று ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று 2023இல் காட்டியது. விலை குறைந்த பொருள். இதற்கு டாக்டர் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

ஆளில்லாத இடத்தில் யார் இதைச் செய்வது? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிழக்கு பர்மா. தாய்லாந்து எல்லையில், மே சோட் ஊரில், பர்மாவிலிருந்து தப்பிவந்த டாக்டர் சிந்தியா மாங் 1989இல் ஒரு கிளினிக் தொடங்கினார். பர்மாவுக்குள் ராணுவத்துக்கு ஒளிந்து காட்டில் வாழ்ந்த மக்களிடம் எந்த ஆஸ்பத்திரியும் போக முடியாத நிலை. 2005 முதல் ஒரு திட்டம் போட்டார்கள். தங்கள் ஊர்ப் பெண்களையே எல்லைக்கு வரவழைத்துச் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மருந்தை முதுகில் சுமந்து திரும்பிப் போனார்கள். அவர்களுக்குக் கீழே சுகாதாரப் பணியாளர், அதற்கும் கீழே ஊர் மருத்துவச்சி என்று மூன்று அடுக்கு. ரத்தம் தேவைப்பட்டால் ஊரில் யாருக்கு என்ன வகை என்று முன்பே எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு, உடனடிச் சோதனை செய்து, காட்டிலேயே ஏற்றினார்கள். மூன்று வருடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து நடந்த பிரசவங்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து கிட்டத்தட்டப் பாதியாக உயர்ந்தன. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

ஆப்கானிஸ்தானிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். 2002இல் எடுத்த கணக்கில், பதக்‌ஷான் மாகாணத்தின் ஒரு மாவட்டத்தில் லட்சத்துக்கு 6,500 என்ற அளவில் தாய் மரணம் இருந்தது. அதுவரை எங்கும் எழுதப்பட்டதிலேயே அதிகம். ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் அந்தந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த பெண்களைச் சமுதாய மருத்துவிச்சிகளாகப் படிக்கவைத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் உருவானார்கள். 2024 டிசம்பரில் தலிபான் அரசு பெண்கள் நர்சிங்கும் மருத்துவிச்சிப் படிப்பும் படிப்பதற்குத் தடை போட்டபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. இந்த வருடம் படிக்கவேண்டிய பெண் படிக்கவில்லையென்றால், இன்னும் சில வருடத்தில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் அந்த இரண்டு மணி நேரம் ஆளில்லாமல் கழியும்.

படிக்காத ஊர் மருத்துவச்சியை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் பக்கம் ஆயா என்பார்கள். தெலுங்குக்காரர்கள் மந்த்ரசானி என்பார்கள். அவளைப் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிக்குப் பதிலாக வைக்க முடியாது. கைவைத்துப் பார்ப்பது, எண்ணெய் விட்டு இழுப்பது எல்லாம் ஆபத்து. ஆனால் அவளைத் திட்டி விரட்டினால் பெண்களும் அவளோடு போய்விடுவார்கள். பொட்டலத்தையும் மாத்திரையையும் அவளிடம் கொடுங்கள், ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள், அவள் கூட்டிவரும் பெண்ணோடு அவளையும் உள்ளே விடுங்கள். வாசலிலேயே அவளை நிறுத்தினால் அடுத்த பெண்ணை அவள் கூட்டிவரமாட்டாள்.

ஓய்வுக்கு முன் இரண்டு முறை விடுப்பு எடுத்து, ஒரு நடமாடும் மருத்துவக் குழுவோடு பத்ராசலத்துக்கு வடக்கே சேர்லாப் பக்கம் போயிருந்தேன். அப்போது அது ஆந்திரம், 2014க்குப் பிறகு தெலங்கானா. 2005 முதல் சத்தீஸ்கரில் அரசு ஆதரவோடு ஆயுதம் ஏந்திய சல்வா ஜூடும் குழுக்களுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட ஆதிவாசிக் குடும்பங்கள் காடு வழியாக இந்தப் பக்கம் வந்து குடிசை போட்டிருந்தன. ரேஷன் கார்டு இல்லை, பட்டா இல்லை, வனத்துறை எப்போது வந்து குடிசையைப் பிரிக்கும் என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தப் பக்கத்துப் போலீஸ் சந்தேகப்படும். போய் வந்தால் அந்தப் பக்கத்துத் தோழர்கள் சந்தேகப்படுவார்கள். கூடாரம் போட்டுக் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. பிறகு வாரச் சந்தை நாளில், இலுப்பை மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். சந்தைக்கு வர எல்லாருக்கும் காரணம் இருக்கிறது. யாரும் யாரையும் சந்தேகப்பட முடியாது. இலுப்பைப் பூ விற்க வந்தவள் அப்படியே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போவாள். எனக்குத் தெலுங்கு தெரியும் என்ற மிதப்பில் போனேன். அந்தப் பெண்களுக்குத் தெலுங்கும் தெரியாது, கோயா மட்டும்தான். அங்கே எங்களுக்கு மொழியும் வழியுமாக இருந்தது பதினெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. இன்னொன்றும் அங்கே கற்றேன். பதிவேட்டில் ஊர் பெயர் எழுத வேண்டாம் என்று குழுத் தலைவர் சொன்னார். அந்த நோட்டு யார் கையில் சிக்கினாலும் ஒரு ஊரே மாட்டிக்கொள்ளும். எண் மட்டும் போட்டோம். பெண்ணின் கையில் அவள் கார்டு, எங்கள் கையில் எண்.

பாலியல் வன்முறை பற்றி. போரில் இது நடக்கும். முகாமில், வரிசையில், விறகு பொறுக்கப் போகும் பாதையில், சொந்தக் கூடாரத்துக்குள்ளும் நடக்கும். ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் விதி. இங்கேயும் கெடு இருக்கிறது: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பம் தங்காமலிருக்க அவசர மாத்திரையை 120 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. புகார் கொடுத்தாயா என்பது டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இல்லை. நம் நாட்டில் 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாக உடனே சிகிச்சை தந்தாக வேண்டும். பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் போகும் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கும், போனவுடன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நடைமுறை விஷயம்: "வன்முறைக்கு ஆளான பெண்கள் இங்கே" என்று தனிக் கூடாரம் போடாதீர்கள். அந்தக் கூடாரத்துக்குள் ஒருத்தி போனாலே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாப் பெண்களும் எல்லாவற்றுக்கும் வரும் கூடாரத்தில், ஓர் ஓரத்தில், திரை போட்டு ஒரு நாற்காலி இருக்கட்டும். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் பாதையில் விளக்கும் கேட்டுச் சண்டை போடுங்கள். காங்கோவில் டெனிஸ் முக்வேகே நடத்தும் பன்ஸி மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018இல் நோபல் கொடுத்தார்கள். பலாத்காரத்தால் சிதைந்த உடம்புகளைத் தைத்துத் தைத்து, இது அறுவை அறையில் முடிகிற விஷயம் இல்லை என்று அவர் உலகெங்கும் போய்ச் சொன்னார்.

கருத்தடையை நிவாரணத்தில் கடைசியாக வைக்கிறவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று காடு கடந்தவளுக்கு அது முதல் தேவை. மாத்திரை, ஆணுறை, நம் ஊரில் அந்தரா என்று போடுகிற மூன்று மாத ஊசி எல்லாம் இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கும் குச்சி நல்ல முறைதான். ஆனால் அடுத்த வருடம் அவள் எந்த முகாமில் இருப்பாள், அங்கே அதை எடுக்கத் தெரிந்தவர் இருப்பாரா என்று யோசித்து வையுங்கள். எதையும் வற்புறுத்தாதீர்கள். அகதிகளுக்குப் பிள்ளை எதற்கு என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். ரேஷனோடு சேர்த்துக் கருத்தடையை நீட்டினால் அது சேவை இல்லை, மிரட்டல். பிள்ளை இழந்த ஒரு தாய் மறுபடி பெற்றுக்கொள்ள விரும்பினால் அதற்கும் நாம்தான் துணை நிற்க வேண்டும்.

கருக்கலைப்பு பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள். வழி அடைபட்டால் குச்சியும் எருக்கம்பாலும் தேடிப் போவார்கள். அது நம் பாட்டிமார் காலத்திலிருந்து தெரிந்த கதை. இந்தியச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை அனுமதிக்கப்படும் பெண்களின் பட்டியலில், அரசு அறிவித்த பேரிடர், நெருக்கடிச் சூழலில் உள்ளவர்களும், கர்ப்பகாலத்தில் விதவையானவர்களும் இருக்கிறார்கள். பல டாக்டர்களுக்கே இது தெரியாது.

ஆஸ்பத்திரியைப் பாதுகாப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும் தனிப் பாதுகாப்பு தருகிறது. ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கான சத்துணவு முற்றுகையைத் தாண்டிப் போக வழிவிட வேண்டும். 2009இல் வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிமேல் ஷெல் விழுந்தது. 2020 மே 12இல் காபூலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கியோடு புகுந்து 24 பேரைக் கொன்றார்கள். அதில் 16 பேர் தாய்மார். 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோலில் பிரசவ ஆஸ்பத்திரிமேல் குண்டு. ஒரே பெரிய கட்டடத்தை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். நாலு இடத்தில் நாலு மருத்துவிச்சி இருந்தால், ஒரு இடம் போனாலும் மூன்று இடம் நிற்கும். அதே சமயம் சிசேரியனுக்கும் ரத்தத்துக்கும் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். அங்கே போகும் வண்டிக்குச் சாவடியில் யார் பேசுவது, இரு தரப்பிலும் யாரிடம் முன்பே சொல்லிவைப்பது என்பதையெல்லாம் பகலில், வலி எடுக்காத நேரத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

மின்சாரம் இல்லாத இடத்தில் குறைமாதக் குழந்தை பிறந்தால் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவையுங்கள். இன்குபேட்டர் போதாத நிலையில் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய முறை அது. பாட்டி இருந்தால் பாட்டி மார்பும் சூடுதான்.

மிஸியைப் பற்றி முடிக்காமல் விட்டேன். அந்த ராத்திரிக்குப் பிறகு, விதியைக் கொஞ்சம் வளைத்து, மாதத்துக்கு ஒரு பொட்டலம் அவருக்கு நான் கொடுத்துவந்தேன். அதில் கையுறை, நூல், பிளேடு, ரத்தப்போக்கை நிறுத்தும் எர்காமெட்ரின் மாத்திரை எல்லாம் இருக்கும். ரத்த அழுத்தம் கூடினவர்களுக்கு அந்த மாத்திரை கூடாது என்று நான் சொல்லவந்தபோது, "எனக்குத் தெரியும் டொக்டர்" என்றார். பல வருடம் கழித்து ஊர் திரும்பப்போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். பணம் எதுவும் கேட்கவில்லை. முகாமில் தான் பார்த்த பிரசவங்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்து ஒரு கடிதம் தர முடியுமா, அங்கே போய் வேலை கேட்டால் காட்டலாம் என்றார். என் லெட்டர்பேடில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தேன். எழுதும்போதெல்லாம் "உறவினர்" என்ற அந்தச் சொல் கண்ணில் நின்றது.

நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் நாள் எப்படியும் ஒரு பிரசவப் பதிவேடு தொடங்குவீர்கள். தாயின் எண், தேதி, நேரம், பிள்ளையின் எடை என்று கோடு போடுவீர்கள். பிரசவம் பார்த்தவர் என்று ஒரு கட்டம் போட்டு, பெயரை எழுதினால் அவருக்கு ஆபத்து வருமா என்று அவரிடமே கேளுங்கள். வராது என்றால் அந்த ஊர் மருத்துவிச்சியின் பெயரை அங்கே முழுதாக எழுதுங்கள்.